மின்தூக்கிக்கு வரைபடம் இல்லை

நூலகத்தில் ஏழு புத்தகங்கள் கிடைத்தன.
ஏழிலும் குதிரை.
ஏழிலும் நீராவி ரயில்.
நான்கில் வாத்து; இழுத்தால் இறக்கை அடிக்கும்.
ஒன்றில் பனிச்சறுக்கு வண்டி.
ஈஷூனில் அதை எங்கே சறுக்குவது என்று
எழுதியவர் சொல்லவில்லை.

முழு அளவு வரைபடம் என்றது பின்னட்டை.
பிரித்தால்
சாப்பாட்டு மேசையை மூடி இருபுறமும் தொங்கியது காகிதம்.
அளவெல்லாம் அங்குலம்,
அதிலும் பதினாறில் ஐந்து, முப்பத்திரண்டில் பதினொன்று.
நானூறு பேர் சம்பளக் கணக்கில்
ஒரு காசு தவறவிடாத எனக்கே விரல் போதவில்லை.
வன்பொருள் கடை குவெக்
மில்லிமீட்டரில்தான் குச்சி விற்கிறார்.
"எட்டு எடுத்துக்கோ" என்றார், "எட்டு போதும் லா."

குதிரையை வெட்டினேன்.
சத்தம் போட எங்கள் வீட்டில் ஓரிடம் உண்டு:
குண்டுத் தடுப்பு அறை.
அரிசி மூட்டை, மடக்குக் கட்டில்,
போன தீபாவளியின் விளக்குச் சரம், இவற்றுக்கு நடுவே
போருக்கென்று செய்த இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டு
ஒரு குதிரைக்குக் காது அறுத்தேன்.
பழக்கடைப் பின்வாசலில் கேட்டு வாங்கிய பலகை.
எத்தனை உப்புத்தாள் தேய்த்தும்
வயிற்றில் வியட்னாம் என்ற முத்திரை
போகவே இல்லை.

தாரிகா தடவிப் பார்த்தாள். நான்கு வயது.
மரியாதைக்கு ஒரு முறை தள்ளினாள்.
"இது எந்த மாடிக்குப் போகும்?" என்றாள்.

அவளுக்கு வேண்டியது மின்தூக்கி.
எங்கள் புளோக்கின் 'பி' மின்தூக்கி,
மூடுமுன் ஒரு முறை தயங்குமே, அது.

மறுபடி நூலகம்.
கோட்டை இருந்தது. காற்றாலை இருந்தது.
பன்றிகளோடு ஒரு பண்ணை வீடு இருந்தது.
பதினான்கு மாடியை மட்டும் யாரும் வரையவில்லை.
மரப்பொம்மை வரைந்தவர்கள் எல்லாரும்
தரையில் குடியிருந்தவர்கள் போலும்.

இரவு பதினொன்றுக்கு அளவுநாடாவோடு போனேன்.
அகலம் பிடித்துக்கொண்டிருந்தபோது
ஒன்பதாம் மாடியில் கதவு திறந்தது.
ரோஸ்னா, இரண்டு கையிலும் பை.
ஒரு பையைக் கீழே வைத்து
நாடாவின் மறுமுனையைப் பிடித்தார். அப்புறம்தான் கேட்டார்:
"புதுசு போடப்போறாங்களா?"
"சின்னதா" என்றேன்.
"சின்னதோ பெருசோ, காலையில சீக்கிரம் வரட்டும்."

அளவு கிடைத்தது. ஏறுவது எப்படி என்று கிடைக்கவில்லை.
நான் செய்த பெட்டியை நூலில் தூக்கினால் ஏறியது,
விட்டால் விழுந்தது.
"எல்லாரும் செத்துட்டாங்க" என்று
தாரிகா ஒவ்வொரு முறையும் அறிவித்தாள்.

சனிக்கிழமை மஞ்சள் தடுப்பு வைத்து
'பி'யைத் திறந்து வைத்திருந்தார் ஹபிபுர்.
கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.
கையுறையைக் கழற்றி
பராமரிப்புப் படிவத்தின் பின்பக்கம் வரைந்தார்.
மேலே கப்பி. இந்தப் பக்கம் பெட்டி.
அந்தப் பக்கம், நாம் பார்க்காத பக்கம், எதிர் எடை:
பெட்டியின் கனமும்
அதோடு பாதி ஆட்களின் கனமும்.

பாதி ஆட்கள்!
இத்தனை வருடம் நான் ஏறிய போதெல்லாம்
சுவருக்குப் பின்னால் யாரோ பாதிப்பேர்
இறங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

சமையலறைத் தராசில் ஆட்களை நிறுத்தேன்:
எட்டு மில்லிமீட்டர் குச்சியில் ஆறு பேர்.
தீப்பெட்டிக்குள் இருபது காசு நாணயங்கள்.
ஒன்று போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன்.
ஞாயிறு மதியம், விரலால் தொட்டதும்
விழாமல் எழுந்தது பெட்டி.
ஏழாம் மாடியில் நூல் சற்றே சிக்கித் தயங்கியது.
சரிசெய்யப் போன என் கையை
அவள் தட்டிவிட்டாள்.

பிறகு ஆறு பேரையும் இறக்கினாள்.
சோபாவுக்கு அடியிலிருந்து குதிரையைக் கொண்டுவந்தாள்.
தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்க உள்ளே திணித்தாள்.
மின்தூக்கி அசையவில்லை.
அவள் என்னைப் பார்த்தாள்.

படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
குதிரை ஏறினால், இன்னும் மூன்று காசு.